கோட் எழுத முதல், ஒரு தாளை நீட்டிப் பாருங்கள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு விறாந்தை. அறுபது தாண்டிய ஒரு அம்மா, போன் அளவுக்கு வெட்டிய தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் நான் பென்சிலால் எழுதியிருந்த 'சந்திப்பை முன்பதிவு செய்க' என்ற பட்டனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஆரைத் தம்பி சந்திக்கிறது?" என்று கேட்டார்.

டொக்டரிடம் நம்பர் எடுப்பதற்கான செயலி அது. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சிறிய டிஸ்பென்சரிக்காகச் செய்யத் தொடங்கியிருந்தோம். அந்த அம்மா வாழ்நாள் முழுக்க டொக்டரிடம் 'நம்பர் எடுத்து'த்தான் போயிருக்கிறார், ஒருநாளும் யாரையும் முன்பதிவு செய்து சந்தித்ததில்லை. நான் அழிறப்பரால் அதை அழித்துவிட்டு 'நம்பர் எடு' என்று எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும், அடுத்த நொடி அவர் விரல் அதன் மேல் இருந்தது. அரை நிமிட வேலை. இதே சொல்லை செயலி வெளிவந்த பிறகு கண்டுபிடித்திருந்தால் திரை, உதவிக் குறிப்பு, எஸ்எம்எஸ், வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்த பயிற்சி என்று எல்லா இடத்திலும் மாற்ற வேண்டி வந்திருக்கும். அதைவிட மோசம், கண்டுபிடிக்காமலே போயிருக்கலாம். அந்த அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் சொல்லி நம்பர் எடுத்திருப்பார், எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

புதிதாக ஒரு செயலியோ, இணையத்தளமோ, கடையில் வைக்கிற தொடுதிரையோ செய்யத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பஸில் கடைசி வருட புரொஜெக்ட் செய்கிறவர்கள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர்கள், தங்கள் கடைக்கு ஒரு செயலி வேண்டும் என்று யாரிடமாவது காசு கொடுக்கப் போகிறவர்கள், யாரும் இப்படித் தாளில் ஒரு முன்மாதிரி செய்து பார்க்கலாம். கோட் எழுதத் தெரியத் தேவையில்லை. படம் வரையவும் தெரியத் தேவையில்லை, பெட்டி வரையத் தெரிந்தால் சரி.

முன்மாதிரி என்றால் என்ன

உண்மையான பொருளைப் போலத் தோன்றும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு கேள்விக்குப் பதில் எடுப்பதற்காக மட்டும் செய்கிற பொருள்தான் முன்மாதிரி. பதில் கிடைத்ததும் அதன் வேலை முடிந்துவிடும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு மரத்துண்டு. பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996இல் வெளிவந்தது. அதைச் செய்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி செய்யத் தொடங்க முதல், அதன் அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். எழுதுகோலுக்குப் பதில் சாப்பிடுகிற சீனக் குச்சி ஒன்று. யாராவது "அந்த நாள் உங்களுக்கு வசதியா?" என்று கேட்டால் மரத்துண்டை வெளியே எடுத்து, குச்சியால் தட்டித் தட்டி, நாட்காட்டி பார்ப்பது போல நடிப்பார். அவருடைய கேள்வி 'இது வேலை செய்யுமா' என்பதல்ல. 'இந்த அளவில் ஒன்றை நான் உண்மையில் தூக்கிக்கொண்டு திரிவேனா, எதற்காக அதை வெளியே எடுப்பேன்' என்பதுதான். அதற்கு மின்சாரம் தேவையில்லை, மரம் போதும்.

கேள்வியை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. ஒரு திரையை வரைந்து, "எப்படி இருக்கு?" என்று நாலு பேரிடம் கேட்பார்கள். நம் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள், வீட்டுக்கு வந்த பிள்ளை கஷ்டப்பட்டு வரைந்து கொண்டுவந்திருக்கிறது என்று "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லி ஒரு பிளேன்ரீயும் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வரைவதற்கு முன்பே, எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள். எங்கள் டிஸ்பென்சரி வேலையில் முதல் தாளின் மேலே இப்படித்தான் எழுதியிருந்தது: 'வேறு ஒருவரின் உதவி இல்லாமல், நாளைக்குப் பின்னேரத்துக்கு ஒரு நம்பர் எடுக்க முடியுமா?' அவ்வளவுதான். நிறம், லோகோ, எழுத்தின் அழகு எதுவும் அதில் இல்லை. அவை இல்லாததால் அவற்றை நாங்கள் வரையவும் இல்லை.

கேள்வி வரவில்லை என்றால், பாவிக்க இலகுவா என்பதை அளக்க உலகம் ஒத்துக்கொண்ட மூன்று விஷயங்களிலிருந்து தொடங்கலாம். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 9241 என்ற தரத்தின் 11ஆவது பகுதி இதைத்தான் சொல்கிறது: நினைத்த வேலை முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் பாடும் ஆனது, முடித்தவருக்குத் திருப்தியா. முதல் சுற்றில் முதலாவதை மட்டும் பாருங்கள். வேலையே முடியவில்லை என்றால் மற்ற இரண்டையும் அளந்து பயனில்லை.

தாளும் பென்சிலும்

ஒரு ஏ4 தாளை நீளவாட்டில் மூன்றாக மடித்து, பிறகு குறுக்கே ஒரு தடவை மடியுங்கள். ஒவ்வொரு துண்டும் 7 சென்ரிமீற்றர் அகலம், ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் உயரம் வரும். இன்றைக்குக் கடையில் விற்கிற பெரும்பாலான போன்களின் திரை கிட்டத்தட்ட இந்த அளவுதான். ஆக ஒரு தாளில் ஆறு திரை. பத்துத் தாள் இருந்தால் ஒரு முழுச் செயலியையே வரைந்துவிடலாம்.

உண்மையான அளவில் வரைவது முக்கியம், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கொம்பியூட்டர் திரையில் பெரிதாக வரைந்தால் எல்லாம் இடம் கொள்ளும். 7 சென்ரிமீற்றரில் வரையும்போதுதான் எது கட்டாயம் வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குவோம். பட்டன்களை 1 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் போடுங்கள். அண்ட்ரொயிட் வழிகாட்டுதல்களில் விரலால் தொடும் இடம் குறைந்தது 9 மில்லிமீற்றர் அளவு வர வேண்டும் என்று இருக்கிறது, அதற்கும் இது சரியாக வரும்.

துண்டுகளுக்குக் கீழே வைக்க ஒரு பிரிஸ்டல் போர்ட்டைப் போன் வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கத் தடிப்பு வேண்டும். கீழே விழும் பட்டியல், எச்சரிக்கைப் பெட்டி, விசைப்பலகை போன்றவற்றைத் தனித்தனிச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்திருந்தால், தேவைப்படும்போது மேலே வைத்து எடுக்கலாம். ஒரே திரையைப் பத்துத் தடவை வரையத் தேவை வராது, பிரதி வேண்டுமென்றால் பக்கத்துக் கொமியூனிகேஷனில் போட்டோகொப்பி எடுத்துவிடலாம்.

அழகாக வரைந்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். பென்சில் கோடு கொஞ்சம் வளைந்திருப்பது நமக்கு நல்லது. முடிந்த பொருள் போல இருந்தால் பார்ப்பவர் குறை சொல்லத் தயங்குவார், அல்லது நிறத்தைப் பற்றிப் பேசுவார். பென்சில் கிறுக்கலைப் பார்த்தால், 'இது இன்னும் முடியவில்லை, நான் சொன்னால் மாற்றுவார்கள்' என்று அவருக்கே தெரியும்.

முதல் நாளே தமிழில் வரையுங்கள்

கொழும்பில் நான் பார்த்த பெரும்பாலான இடங்களில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் செய்து முடித்துவிட்டு, வெளியிடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் சொற்களை ஒரு எக்ஸல் கோப்பில் போட்டு மொழிபெயர்க்க அனுப்புவார்கள். மொழிபெயர்க்கிறவருக்குத் திரை தெரியாது, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று தெரியாது. அவர் அகராதியைப் பார்த்து 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதி அனுப்புவார். அது பட்டனுக்குள் அடங்காமல் 'சமர்ப்பிக்...' என்று வெட்டுப்பட்டு நிற்கும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று, ஆனால் திரையில் அது கடைசியாக ஏறி நின்றுகொண்டு போகிற பயணியைப் போலத்தான் இருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

தாளில் வரைகிறவருக்கு இதை மாற்றுவது மிகச் சுலபம். முதல் கோட்டையே தமிழில் போடுங்கள். இடம் போதாவிட்டால் அன்றே தெரிந்துவிடும்.

சொற்களை எங்கே எடுப்பது? அந்த வேலை இப்போது நடக்கிற இடத்துக்குப் போய் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து கேளுங்கள். நான் டிஸ்பென்சரி வாங்கில் ஒரு பின்னேரம் இருந்து, வருகிறவர்கள் சொன்னதைச் சீஆர் கொப்பியில் அப்படியே எழுதினேன். "எத்தினையாம் நம்பர் போகுது?", "டொக்டர் வந்திட்டாரா?", "எனக்கு முன்னால எத்தின பேர்?" இந்த மூன்று கேள்விகளும்தான் பிறகு எங்கள் முதல் திரையின் மூன்று வரிகள் ஆயின.

இன்னொன்று. கொழும்பில் ஒரே தமிழ் இல்லை. வெள்ளவத்தையில் 'பின்னேரம்' என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்குகிறது. கொட்டாஞ்சேனையில் மலையகத்திலிருந்து வந்து கடையில் வேலை செய்கிற ஒரு தம்பி 'சாயங்காலம்தானே?' என்று ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, மணியை எழுதிவிட்டால் பிரச்சினை இல்லைதானே என்றார். அவர் சொன்னதுதான் சரி. 'பி.ப. 4 முதல் 7 வரை' என்று எழுதினோம், அதிலும் 'பி.ப.' ஒருவருக்கு இடித்தது, கடைசியில் ஒரு சின்னச் சுவர்க்கடிகாரப் படத்துடன் '4 மணி – 7 மணி' என்று நின்றது.

பெயர் கேட்கும் இடத்தையும் கவனமாக வரையுங்கள். 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு பெட்டி போட்டால் நம்மில் பாதிப் பேர் நிற்பார்கள். தகப்பன் பெயரை முன்னால் வைத்து எழுதுகிற வழக்கத்தில் எது முதல், எது குடும்பம்? 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி போதும்.

யாரிடம் கொண்டுபோவது

ஒஃபிஸில் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் அல்ல. அவருக்கு உங்கள் செயலி என்ன செய்யப் போகிறது என்று ஏற்கெனவே தெரியும்.

எத்தனை பேர் என்று எல்லாரும் கேட்பார்கள். ஜேக்கப் நீல்சன், தோமஸ் லாண்டவர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களும் 1993இல் இதற்கு ஒரு கணக்குக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த திட்டங்களில், ஒரு பாவனையாளரை உட்கார வைத்துப் பார்த்தால் இருக்கிற பிரச்சினைகளில் சராசரியாக 31 சதவீதம் தென்பட்டது. இரண்டாமவரிடம் தென்படுவதில் ஒரு பகுதி ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும், மூன்றாமவரிடம் புதியது இன்னும் குறையும். 5 பேரோடு ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும். அதனால்தான் '5 பேர் போதும்' என்ற பேச்சு. ஆனால் அந்த 5 பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆட்கள் என்ற நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கிறது. எங்கள் டிஸ்பென்சரிக்குத் தாங்களே நம்பர் எடுக்கிற வயதானவர்களும் வருவார்கள், அம்மாவுக்காக வேலைத்தலத்திலிருந்து நம்பர் எடுக்கிற மகள்களும் வருவார்கள். இவர்கள் இரண்டு கூட்டம். அப்படியானால் ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று நாலு பேரைப் பாருங்கள். சிங்களம் பேசுகிறவர்கள் வேறு திரையைத்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கும் தனியாகச் செய்ய வேண்டும், உங்கள் தமிழ்த் தாளை வைத்து அவர்களுக்காக முடிவு எடுக்காதீர்கள்.

ஆட்களைத் தேட விளம்பரம் தேவையில்லை. கோவில் வாசல், டியூஷன் வகுப்புக்கு வெளியே பிள்ளைக்காகக் காத்து நிற்கிற பெற்றோர், சலூன், மாடி வீட்டுக் காவலாளி ஐயா. காத்துக்கொண்டிருக்கிறவர்கள்தான் நல்ல பாவனையாளர்கள், அவர்களுக்குப் பத்து நிமிடம் இருக்கும். முதலே அனுமதி கேளுங்கள். பதிவு செய்வதென்றால் கையையும் தாளையும் மட்டும் எடுங்கள், முகம் வேண்டாம். உண்மையான அடையாள அட்டை இலக்கத்தையோ நோயையோ எழுதச் சொல்லாதீர்கள், ஒரு பொய்ப் பெயரும் பொய் இலக்கமும் துண்டில் எழுதி நீங்களே கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, ஒருவரின் நோயைத் தெரிந்துகொள்ள நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

தாளை நீட்டிய பிறகு

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் 'கொம்பியூட்டர்', அதாவது பாவனையாளர் எதைத் தொடுகிறாரோ அதற்குரிய அடுத்த தாளை எடுத்து வைப்பவர். அவர் பேசக்கூடாது. மற்றவர் பக்கத்தில் இருந்து வேலையைச் சொல்லி, நடப்பதைக் குறித்துக்கொள்பவர்.

தொடங்கும்போது நான் சொல்வது இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "அம்மா, இது இன்னும் செய்து முடிக்காத ஒன்று. நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை, இந்தத் தாளைத்தான் சோதிக்கிறோம். எங்கே விளங்கவில்லையோ அங்கே பிழை எங்களுடையது. மனதில் வருவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கோ." அந்த இரண்டாவது வரியை விடாமல் சொல்லுங்கள். நம் வீடுகளில் வயதானவர்கள், "எனக்கு உதெல்லாம் தெரியாது, பிள்ளையளுக்குத்தான் தெரியும்" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். அந்தக் கூச்சம் போனால்தான் கை நகரும்.

அடுத்தது வேலை. 'நம்பர் எடு என்ற பட்டனை அழுத்துங்கள்' என்று சொல்லக்கூடாது, அது விடையைச் சொல்லிக் கொடுப்பது. "உங்கட பேத்திக்குக் காய்ச்சல், நாளைக்குப் பின்னேரம் டொக்டரிட்டக் காட்ட வேணும். என்ன செய்வீங்கள்?" என்று ஒரு நிலைமையைச் சொல்லுங்கள்.

பிறகு வாயை மூடுங்கள். இதுதான் இந்த முழு வேலையிலும் கஷ்டமான பகுதி. ஒருவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நம் மனம் விடாது, 'அங்க இல்லை அம்மா, கீழே' என்று வாய் வரை வரும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவர் "இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டால், "நீங்கள் வீட்டில் தனிய இருந்தால் என்ன செய்வீங்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தப் பத்து நொடிக்குள்தான் நீங்கள் தேடி வந்தது இருக்கும்.

ஒரு ஐயா நினைவுக்கு வருகிறார், ஆமர் வீதிப் பக்கம். அடையாள அட்டை இலக்கம் கேட்கிற திரை வந்ததும், நான் கொடுத்த பொய் இலக்கத் துண்டைப் பார்த்தார், தாளில் நான் வரைந்திருந்த இலக்க விசைப்பலகையைப் பார்த்தார், விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுக்கொண்டு போனார். ஒன்பதாவது இலக்கம் முடிந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது. அப்படியே 0 முதல் 9 வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலாக நகர்ந்து, தாளின் ஓரம் வரை போய், திரும்பி வந்தது. "இதில 'வீ' எங்க தம்பி?" பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்தும் இருக்கும், புதியதில் 12 இலக்கம், எழுத்து இல்லை. எங்கள் குழுவில் எல்லாரிடமும் புதிய அட்டை. நாங்கள் யாரும் இதை யோசிக்கவே இல்லை.

இன்னொரு இடம் ஓடிபி. போனுக்கு ஒரு இரகசிய இலக்கம் வரும், அதைப் பார்த்துத் திரும்பி வந்து அடிக்க வேண்டும். தாளில் இதைச் செய்யும்போது நான் செயலித் தாளின் மேல் எஸ்எம்எஸ் தாளை வைத்தேன், அதைப் படித்தார்கள், பிறகு எடுத்தேன். மூன்று பேரில் இரண்டு பேருக்கு 6 இலக்கம் அதற்குள் மறந்துவிட்டது. 4 இலக்கமாகக் குறைத்தோம். ஒரு மகள் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைச் சொன்னார்: அம்மாவின் போன் வீட்டில், தான் ஒஃபிஸில். ஓடிபி அம்மாவின் போனுக்குப் போனால் தான் எப்படி நம்பர் எடுப்பது? 'யாருக்கு?' என்ற கேள்வியை நாங்கள் எங்குமே கேட்டிருக்கவில்லை. அது ஒரு புதிய திரையாக வந்தது, அன்று மதியமே, அதே வாங்கில் வைத்து வரைந்தோம்.

குறித்ததை என்ன செய்வது

எனக்கு மூன்று அடையாளம் போதும். ஒவ்வொரு திரைக்கும் ஒவ்வொரு ஆளுக்கும், 'போனார்', 'தடுமாறினார்', 'நின்றார்'. அவர் சொன்ன சொல்லைப் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள், உங்கள் சொல்லுக்கு மாற்றாதீர்கள். "ஆரைச் சந்திக்கிறது" என்பதை 'பட்டன் பெயர் தெளிவில்லை' என்று எழுதி வைத்தால், ஒரு கிழமை கழித்து அதில் ஒன்றும் மிஞ்சாது.

'நின்றார்' என்று இரண்டு பேருக்கு விழுந்த இடத்தை உடனே மாற்றுங்கள், மற்ற ஆட்களைப் பார்த்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். காலையில் மூன்று பேர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழித்து வரைதல், பின்னேரம் வேறு மூன்று பேர். ஒரு சனிக்கிழமை போதும். மாற்றியது சரியா என்று அடுத்த ஆளிடம் பார்க்கும் வரை அது திருத்தம் அல்ல, ஊகம்தான்.

பாவனையாளர் தீர்வும் சொல்வார், 'இங்க ஒரு சிவப்புப் பட்டன் வையுங்கோ' என்று. நன்றியோடு எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அவர் ஏன் அதைக் கேட்டார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. சிவப்புப் பட்டன் கேட்டவர், எடுத்த நம்பரை எப்படி ரத்துச் செய்வது என்று தெரியாமல் பயந்திருந்தார். பயத்துக்கு மருந்து வேறு.

தாள் போதாத இடங்கள்

விரலால் தள்ளிக்கொண்டு போவது, இணையம் மெதுவாகி வட்டம் சுற்றுவது, போனில் தமிழில் தட்டச்சுச் செய்வது, இவற்றைத் தாள் காட்டாது. இரண்டு சுற்று முடிந்து 'நின்றார்' என்பது அடங்கிய பிறகு ஃபிக்மா போன்ற மென்பொருளுக்குப் போங்கள், இலவசமாகத் தொடங்கலாம், வரைந்த திரைகளை இணைத்துப் போனிலேயே தட்டிப் பார்க்கலாம். அங்கே யூனிகோட் எழுத்துருவையே பாவியுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த சொற்களை ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விடுங்கள், நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும் கீழே வளைவும் இருக்கின்றன. வயதானவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள் என்பதால், எல்லா எழுத்தையும் ஒன்றரை மடங்கு ஆக்கி ஒரு பிரதியும் வரைந்து பாருங்கள். அதைப் பளபளப்பான புதிய போனில் அல்ல, விலை குறைந்த, திரையில் கீறல் விழுந்த ஒன்றில், வெயிலில் நின்று பாருங்கள்.

சில கேள்விகளுக்குத் திரையே தேவைப்படாது, ஒரு ஆள் போதும். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆராய்ச்சியாளர் ஜோன் குல்டும் சகாக்களும், பேசினால் தானே எழுதும் தட்டச்சுப்பொறி மக்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க விரும்பினார்கள். அப்படி ஒரு இயந்திரம் அப்போது இல்லை. ஒருவரை ஒலிவாங்கியில் பேசவிட்டு, வேறு அறையில் தட்டச்சுக்காரர் ஒருவரை இருத்தி அடிக்க வைத்தார்கள். பேசியவரின் திரையில் எழுத்து வந்தது. செயற்கை நுண்ணறிவு வைத்து ஏதாவது செய்யப் போகிறவர்கள் இந்த வழியைக் கட்டாயம் பழகுங்கள். உங்கள் அரட்டைப் பெட்டிக்குப் பின்னால் முதல் கிழமை நீங்களே இருந்து பதில் எழுதுங்கள், மக்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முடிந்த பிறகு, பதில் எழுதியது மனிதர் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

நாங்களும் இப்படி ஒன்று செய்தோம். 'உங்கள் முறை நெருங்குகிறது' என்ற மெசேஜ் தானாகப் போவதற்கு முன், சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும், ஒரு பின்னேரம் நானே டிஸ்பென்சரி மூலையில் நின்று கையால் அனுப்பினேன். இரண்டு நம்பர் இருக்கும்போது அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தோம். ஜம்பட்டா வீதியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த தாய்க்கு அது போதவில்லை, வந்து சேரும்போது அவருடைய நம்பர் போய்விட்டிருந்தது. டொக்டர் அவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார், ஆனால் அந்தத் தாய் மூச்சு வாங்க வாசலில் நின்றது எனக்கு மறக்கவில்லை. ஐந்து நம்பருக்கு முன் அனுப்புவது என்று அன்றிரவே மாற்றினோம். எஸ்எம்எஸ் பெட்டி முழுக்க விளம்பரம் என்பதால் பலர் அதைத் திறப்பதே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது, வட்ஸ்அப்புக்கும் அனுப்பத் தொடங்கினோம்.

வேறு ஒரு இடத்தில் நான் முன்பு வேலை செய்தபோது, கடைகளுக்கான பில் போடும் திரை ஒன்றை மூன்று மாதம் இருந்து செய்தோம், ஒரு தாள்கூட வரையவில்லை, ஒரு காசாளரையும் பார்க்கவில்லை. கொடுத்து இரண்டாம் கிழமை போய்ப் பார்த்தபோது எங்கள் திரை இருந்த டெப் (கையடக்கக் கணினி) மேசைக்குக் கீழே, பழைய கொப்பி மேசைக்கு மேலே. விலையை அடிக்க நாலு திரை தாண்ட வேண்டியிருந்தது, வரிசையில் ஆட்கள் நிற்கும்போது யார் தாண்டுவார்கள். அந்த மூன்று மாதமும் நாங்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்தோம். கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவில்லை.

சரி, கடைசியாக ஒரு வேலை. எந்தத் தாளையும் எறியாதீர்கள். பின்பக்கத்தில் திகதி, இடம், எத்தனையாவது சுற்று என்று எழுதி, ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கோட் எழுதுகிறவருக்கு நீண்ட அறிக்கை அனுப்புவதைவிட அந்தத் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி, எங்கே யார் நின்றார் என்று காட்டுங்கள். ஆறு மாதம் கழித்து புதிதாக வந்த ஒரு தங்கை எங்களிடம், இலக்க விசைப்பலகையில் எதற்கு இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது, எடுத்துவிட்டால் திரை நேராக வருமே என்று கேட்டார். ஃபைலைத் திறந்து ஆமர் வீதி ஐயாவின் தாளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது கட்டத்துக்குப் பக்கத்தில், ஓரமாக, பென்சிலில் ஒரு 'வீ' இருந்தது, அவரே எழுதியது.